காலிக் கட்டத்தை முழுங்கியது யார்?

கேம்பஸ் இன்டர்வியூ. எதிரில் இருப்பவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்கிறார்: "ஒரு வரி இருக்கு. நடுவுல நடுவுல கமா. அதைத் தனித்தனியாப் பிரிச்சு ஒரு லிஸ்ட்ல போடணும். எப்படிப் போடுவீங்க?"

உங்களுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ராத்திரி முழுக்கக் கண் விழித்து பைனரி ட்ரீ, கிராஃப் எல்லாம் உருப்போட்டுவிட்டு வந்தால், இவர் எல்கேஜி கேள்வி கேட்கிறாரே! "ஸ்ப்ளிட் போடுவேன் சார்."

"சரி. கடைசி ரெண்டு இடம் காலியா இருந்தா?"

"..."

"டேட்டாவுக்குள்ளேயே கமா இருந்தா?"

"......"

இன்டர்வியூவில் முழித்தால்கூடப் பரவாயில்லை, பாஸ். அடுத்த கம்பெனி வரும். இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போய், பத்தாயிரம் பேருடைய ஸ்காலர்ஷிப் பட்டியலை ஒரே வரி புரோகிராமில் வெட்டித் தள்ளினால்தான் வம்பு. அங்கே முழிக்கப்போவது நீங்கள் இல்லை, பட்டியலில் இருக்கிறவர்கள். இந்த வாரம் அந்தக் கமாவைத்தான் பிடித்து உலுக்கப் போகிறோம்.

உங்கள் டிபார்ட்மென்ட்டில் இன்டர்னல் மார்க் ஃபைல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர்களுக்குச் சங்கப் புலவர்களைக் கடன் வாங்கிக்கொள்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

101,கபிலர்,87,91,78
102,பரணர்,64,,70
103,ஔவையார்,92,,

ரோல் நம்பர், பெயர், மூன்று டெஸ்ட் மார்க். வரிக்கு ஐந்து கட்டம். பரணர் இரண்டாவது டெஸ்ட்டுக்கு வரவில்லை. ஔவையார் கடைசி இரண்டுக்கும் வரவில்லை. (அதியமானுக்காகத் தூது போயிருப்பார்!)

கபிலர் வரியை எந்த மொழியில் வெட்டினாலும் ஐந்து துண்டு கிடைக்கும். பிரச்னையே இல்லை. டெஸ்ட் பண்ணிப் பார்க்கும்போது நாம் எல்லோரும் கபிலர் வரியைத்தான் போட்டுப் பார்ப்போம். அதுதான் சிக்கலே.

இப்போது ஔவையார் வரியை ஜாவாவின் ஸ்ப்ளிட்டுக்குக் கொடுங்கள். ஐந்து வரும் என்று நினைப்பீர்கள். மூன்றுதான் வரும்! 103, ஔவையார், 92. வால் பக்கம் இருக்கிற காலித் துண்டுகளை ஜாவா சத்தமில்லாமல் கழற்றி எறிந்துவிடும். இது பிழை கிடையாது, அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிற விதி. பெர்லும் ரூபியும் இதே கட்சி. பைத்தானில் கமாவைச் சொல்லி ஸ்ப்ளிட் பண்ணினால் ஐந்தும் ஒழுங்காக வரும், கடைசி இரண்டும் காலியாக.

ஜாவாவிலும் ஐந்து வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கமாவுக்குப் பிறகு இரண்டாவது ஆர்க்யூமென்ட்டாக -1 கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த மைனஸ் ஒன்று தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவில் ஒரு மாணவியின் மறுதேர்வு தொங்கிக்கொண்டிருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? மூன்றே துண்டு இருக்கும்போது ஐந்தாவதைக் கேட்டால் புரோகிராம் "அர்ரே இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்" என்று அலறிக்கொண்டு விழும். விழுந்தால் நல்லது! எங்கோ தப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, நாளைக்கு டெமோ இருக்கும்போது, நம்மில் பலர் என்ன பண்ணுவோம்? "நீளம் ஐந்து இல்லேன்னா அந்த வரியை விட்டுடு" என்று ஒரு இஃப் போட்டு வாயை அடைத்துவிடுவோம். புரோகிராம் ஜம்மென்று ஓடும். ஒரு எரர் இல்லை. இப்போது அந்த ஃபைலிலிருந்து டெஸ்ட் எழுதாதவர்களுக்கான மறுதேர்வுப் பட்டியல் எடுக்கிறீர்கள். பரணர் இருப்பார். ஔவையார் இருக்க மாட்டார். எந்தக் காலியிடத்துக்காக அவர் பெயர் பட்டியலில் வர வேண்டுமோ, அதே காலியிடம்தான் அவரைப் பட்டியலிலிருந்து தூக்கியிருக்கிறது.

பரணர் மட்டும் தப்பித்தாரா என்றால், அது நீங்கள் எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சி மொழியில் ஸ்டிர்டோக் என்று ஒரு ஃபங்ஷன். நீலத்திரை டர்போ சி-யில் கை பழகிய சீனியர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். அதற்கு அடுத்தடுத்து வரும் இரண்டு கமாவும் ஒன்றுதான், இருபது கமாவும் ஒன்றுதான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெட்டு. பரணர் வரி அதன் கையில் 102, பரணர், 64, 70 என்று ஆகிவிடும். மூன்றாவது டெஸ்ட்டில் வாங்கிய 70, இரண்டாவது டெஸ்ட்டின் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதாத பரீட்சைக்கு மார்க், எழுதிய பரீட்சைக்கு ஆப்சென்ட்! ஜாவாவின் பழைய ஸ்டிரிங் டோக்கனைசரும் இதே ரகம்தான். "புதுசா எழுதுறவங்க இதைப் பயன்படுத்தாதீங்க" என்று ஜாவா கையேடே சொல்கிறது. ஆனாலும் பல லேப் ரெக்கார்டு நோட்டுகளில் அது சிரஞ்சீவியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஸ்டிர்டோக்கின் மற்ற சேட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுக்கிற ஸ்டிரிங்கை அது பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தராது. கமா இருந்த இடத்தில் ஒரு பூஜ்ய பைட்டை எழுதி, உங்கள் ஒரிஜினலையே நறுக்கிவிடும். அடுத்து, எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரே ஒரு இடத்தில்தான் நினைவில் வைத்திருக்கும். வெளி லூப்பில் வரி வரியாக வெட்டி, உள் லூப்பில் கமா கமாவாக வெட்டினால், உள்ளே வேலை முடிந்ததும் வெளியே என்ன பண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை அது மறந்துபோகும். முதல் வரியோடு கச்சேரி முடிந்தது. கபிலர் மட்டும் பாஸ்! இதற்காகவே ஸ்டிர்டோக்-ஆர் என்று பின்னால் இன்னொன்று வந்தது. உங்கள் ஞாபகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இதற்காக ஸ்டிர்டோக்கைத் திட்டாதீர்கள். அது செய்யும் காரியம் ஒரு இடத்தில் ரொம்பச் சரி. ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும் என்றால், இரண்டு ஸ்பேஸ் விழுந்திருந்தாலும் ஐந்து விழுந்திருந்தாலும் நடுவில் "காலிச் சொல்" எதுவும் கிடையாது. பைத்தானில் அடைப்புக்குள் ஒன்றும் கொடுக்காமல் ஸ்ப்ளிட் போட்டால் அதுவும் இப்படித்தான் ஸ்பேஸ்களைச் சேர்த்து விழுங்கும். சொற்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் வெறும் மூச்சு. கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் ஒரு பதில். இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டினால் யார் கையாவது வெட்டுப்படும்.

சொல்லைப் பிரிப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளியும் வைக்க மாட்டார்கள். டெலிமிட்டரே இல்லாத டேட்டா! "பலகையொலி" என்று ஓலையில் இருந்தால் அது பலகையின் ஒலியா, பல கைகளின் ஒலியா? படிக்கிறவர்தான் முடிவு பண்ண வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது பட்ட பாட்டில் இந்தப் பிரிக்கிற வேலையும் உண்டு. அவரிடம் ஸ்ப்ளிட் ஃபங்ஷன் இல்லை. இருந்திருந்தாலும் எதைக் கொடுத்து வெட்டுவார்?

ஸோ, டெலிமிட்டர் என்பது எழுதுகிறவரும் படிக்கிறவரும் போட்டுக்கொள்ளும் ஒரு ஒப்பந்தம். ஒப்பந்தம் தெளிவாக இருந்தால் வெறும் ஸ்ப்ளிட்டே போதும். யூனிக்ஸ் மெஷினில் பயனர்களின் விவரம் இருக்கும் பாஸ்வேர்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். லினக்ஸ் லேப் இருந்தால் நாளைக்கே பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு வரிக்கு ஏழு கட்டம், நடுவில் கோலன். பயனர் பெயர், பாஸ்வேர்டு, பயனர் எண், குழு எண், முழுப் பெயர் முதலான விவரம், ஹோம் டைரக்டரி, ஷெல். இதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் கோலன் வரக்கூடாது என்பது விதி. யூஸர் நேமில் கோலன் வைத்து ஒருவரைச் சேர்க்கப் பார்த்தால் சிஸ்டம் மறுத்துவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கோலனில் வெட்டலாம்.

அங்கே காலிக் கட்டத்துக்கு என்ன மதிப்பு தெரியுமா? இரண்டாவது கட்டத்தில் இப்போதெல்லாம் ஒரு எக்ஸ் மட்டும் இருக்கும், உண்மையான பாஸ்வேர்டு சங்கதி வேறு ஃபைலுக்குப் போய்விட்டது. அந்த எக்ஸையும் எடுத்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால், "இவருக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை" என்று அர்த்தம். எழுத்து ஒன்றும் இல்லாத இடம், வீட்டுக் கதவையே திறந்து விடுகிறது. காலி என்றால் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை அந்த ஃபைலின் முன் உட்கார வையுங்கள்.

ஆனால் எல்லா டேட்டாவும் இப்படிச் சமர்த்தாக இருக்காது. கமா விஷயத்துக்கு வருவோம்.

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் "பெற்றோரின் ஆண்டு வருமானம்" என்று ஒரு கட்டம். அப்பா எப்படி எழுதுவார்? 1,50,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு இரண்டு கமா. அந்த வரியை ஸ்ப்ளிட் பண்ணினால் வருமானம் 1 ரூபாய்! அடுத்த கட்டமான ப்ளஸ் டூ மார்க்கில் 50 போய் உட்காரும். அதற்கடுத்த கட்டத்தில் 000. அதற்குப் பிறகு இருக்கும் எல்லாமே இரண்டு கட்டம் தள்ளிப் போயிருக்கும். 50 மார்க் என்பது நம்பக்கூடிய எண் என்பதுதான் இதில் கொடுமை. புரோகிராம் சந்தேகப்படாது, கிளார்க்கும் சந்தேகப்பட மாட்டார். "மார்க் போதாது" என்று அந்த விண்ணப்பம் ஓரமாகப் போகும். தொண்ணூறு வாங்கிய பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

முகவரி இன்னும் மோசம். கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று ஒரே முகவரிக்குள் நாலைந்து கமா. அதுவும் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும்.

இதற்குத்தான் டபுள் கோட் வந்தது. கட்டத்துக்குள் கமா இருந்தால் முழுக் கட்டத்தையும் கோட்டுக்குள் போட்டுவிடு, உள்ளே இருக்கும் கமாவை வெட்டாதே. சரி, கட்டத்துக்குள்ளேயே கோட் இருந்தால்? அதை இரட்டையாக எழுது. இவ்வளவுதான் சிஎஸ்வி என்று நாம் கூப்பிடும் வகையின் முக்கியமான விதி.

கமாவில் பிரித்த டேட்டாவை ஐபிஎம்மின் ஃபார்ட்ரான் கம்பைலர் 1972-லேயே படித்தது. ஆனால் "சிஎஸ்வி என்றால் இதுதான்" என்று விதிகளை ஒழுங்காக எழுதிவைத்த ஆவணம், ஆர்எஃப்சி 4180, வந்தது 2005 அக்டோபரில். முப்பது வருஷத்துக்கும் மேல் ஊரே ஒரு விளையாட்டை விளையாடிவிட்டு, அப்புறம் ரூல் புக் அச்சடித்த கதை! அதுவும் "தகவலுக்காக" என்ற முத்திரையோடுதான் வந்தது, கட்டாயம் என்று இல்லை. அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கொஞ்சம் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு எழுதுகிறது. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவது வழக்கம். 3.14 என்பதை 3,14 என்று எழுதுவார்கள். அங்கே செட் பண்ணிய எக்ஸல், சிஎஸ்வி என்று பெயர் வைத்துக்கொண்டு கமாவுக்குப் பதில் செமிகோலன் போட்டுக் கொடுக்கும். பெயரில் மட்டும் கமா!

சரி, கோட் விதியைப் புரிந்துகொண்டு வெட்டுவது எப்படி? இன்டர்வியூவில் அவர் எதிர்பார்ப்பது இதைத்தான். ஸ்ப்ளிட்டை மறந்துவிடுங்கள். இந்த வரியை எடுத்துக்கொள்வோம்.

101,"கபிலர், பாரியின் நண்பர்","""குறிஞ்சி"" ஸ்பெஷலிஸ்ட்",87

எத்தனை கட்டம்? நான்கு. கமாவை மட்டும் எண்ணினால் ஐந்து என்று தோன்றும். உங்கள் கண் எப்படி நான்கு என்று கண்டுபிடித்தது? இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் போகும்போது, "நான் இப்போ கோட்டுக்குள்ளே இருக்கேனா, வெளியிலேயா?" என்று மனதுக்குள் ஒரு சின்ன ஸ்விட்சை வைத்துக்கொண்டீர்கள். அந்த ஸ்விட்சைத்தான் புரோகிராமிலும் வைக்கப்போகிறோம்.

கையில் ஒரு காலிப் பை. ஸ்விட்ச் "வெளியே" என்று இருக்கிறது. 1, 0, 1 வருகிறது, பையில் போடு. கமா வருகிறது. வெளியில் இருப்பதால் இது நிஜமான கமா. பையில் இருப்பதை லிஸ்ட்டில் கொட்டிவிட்டு, பையைக் காலி பண்ணு. அடுத்து கோட். இதைப் பையில் போடாதே, ஸ்விட்சை "உள்ளே" என்று மாற்று. கபிலர் என்ற எழுத்துகள் பைக்குள் போகின்றன. கமா வருகிறது. இப்போது உள்ளே இருக்கிறோம், அதனால் இதுவும் சாதாரண எழுத்துதான், பையில் போடு. பாரியின் நண்பர் என்று போய்க்கொண்டே இருக்கும்போது மறுபடி கோட். இங்கேதான் கொஞ்சம் நிதானம். உள்ளே இருக்கும்போது கோட் வந்தால் அடுத்த எழுத்தை எட்டிப் பார். அடுத்ததும் கோட் என்றால், இது உண்மையிலேயே டேட்டாவில் இருக்கும் கோட். ஒன்றை மட்டும் பையில் போட்டு, இரண்டையும் தாண்டிப் போ. அடுத்தது கோட் இல்லை என்றால் கட்டம் மூடுகிறது, ஸ்விட்சை "வெளியே" என்று திருப்பு.

மூன்றாவது கட்டத்தின் தொடக்கத்தில் மூன்று கோட் வரிசையாக நிற்கிறதே, அதில் விரலை வைத்து இதே விதியை ஓட்டிப் பாருங்கள். முதல் கோட் கதவைத் திறக்கிறது. அடுத்த இரண்டும் ஜோடியாகச் சேர்ந்து ஒரு நிஜ கோட்டாகப் பைக்குள் போகிறது. "குறிஞ்சி" என்று கோட்டோடு அழகாக வந்து விழும். வரி முடிந்ததும் பையில் மிச்சம் இருப்பதை லிஸ்ட்டில் கொட்ட மறக்காதீர்கள். பை காலியாக இருந்தாலும் கொட்ட வேண்டும்! அதைத் தவறவிட்டால் 87 காணாமல் போகும். ஔவையாரின் கடைசிக் காலிக் கட்டமும் போகும்.

இருபது, முப்பது வரி புரோகிராம். இதற்கு ஃபைனைட் ஸ்டேட் மெஷின் என்று பெயர். ஆட்டோமேட்டா தியரி பேப்பரில் வட்டம் வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, "இதை எங்கேடா யூஸ் பண்ணப் போறோம்" என்று சலித்துக்கொண்டீர்களே, அதே மெஷின்தான்.

சிஎஸ்வி இன்னொரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. கோட்டுக்குள் என்டர்கூட வரலாம். முகவரிக் கட்டத்தில் ஒருவர் தெருவை எழுதிவிட்டு என்டர் தட்டி ஊரை எழுதியிருந்தால், ஒரே ரெக்கார்டு ஃபைலில் இரண்டு வரியாக இருக்கும். "முதலில் வரி வரியாகப் படி, பிறகு கமாவில் வெட்டு" என்று எல்லோரும் எழுதும் அந்த லூப் அங்கேயே அவுட். வரியின் முடிவும் ஒரு டெலிமிட்டர்தானே! அதையும் ஸ்விட்சைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

"கமாவே வேண்டாம் சார், டேட்டாவில் வரவே வராத ஒரு எழுத்தைப் போட்டால் என்ன?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. இதை 1960களிலேயே யோசித்துவிட்டார்கள். ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு எழுத்துகள் இதற்கென்றே ஒதுக்கியிருக்கின்றன. ஃபைலைப் பிரிக்க ஒன்று, குரூப்பைப் பிரிக்க ஒன்று, ரெக்கார்டைப் பிரிக்க ஒன்று, ஒரு ரெக்கார்டுக்குள் கட்டத்தைப் பிரிக்க 31-ஆவது எழுத்து. கோட்டும் வேண்டாம், இரட்டைக் கோட்டும் வேண்டாம். பிரமாதம் இல்லையா? ஆனால் அதற்குக் கீபோர்டில் தனிப் பட்டன் கிடையாது. நோட்பேடில் திறந்தால் கமா மாதிரி கண்ணுக்குப் பளிச்சென்று தெரியவும் தெரியாது. மனிதர்கள் கையால் தட்டிக் கண்ணால் பார்க்க முடிந்த கமாதான் ஜெயித்தது, அதன் அத்தனை தொல்லைகளோடும்.

அதனால் பலர் பைப் குறியை, அந்த நெட்டுக்கோட்டை, டெலிமிட்டராக வைக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் ஜாவாவில் பைப்பை அப்படியே ஸ்ப்ளிட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள், வரி எழுத்து எழுத்தாகச் சிதறிவிடும். புள்ளியைக் கொடுத்தால் அதைவிட வேடிக்கை, ஒரு துண்டுகூட வராது. காரணம், ஜாவாவின் ஸ்ப்ளிட் நீங்கள் கொடுப்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகப் படிக்கிறது. அந்தப் பாஷையில் பைப் என்றால் "அல்லது", புள்ளி என்றால் "எந்த எழுத்தும்". முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு "இது வெறும் எழுத்துதான்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கூத்து. ஸ்ப்ளிட்டுக்கு 2 என்று ஒரு எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம். அ,ஆ,இ,ஈ என்ற வரிக்கு ஜாவா இரண்டு துண்டு தரும்: அ, பிறகு மிச்சம் மூன்றும் சேர்ந்து ஒன்று. பைத்தானுக்கு 2 என்றால் இரண்டு வெட்டு, ஆகவே மூன்று துண்டு. ஜாவாஸ்கிரிப்ட் அ, ஆ இரண்டையும் கொடுத்துவிட்டு இ, ஈ இரண்டையும் குப்பையில் போட்டுவிடும்! அதே பெயர், அதே எண், மூன்று ஊரில் மூன்று நியாயம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் புரோகிராமை மாற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் டேட்டாவை யூடிஎஃப்-8-இல் வைத்திருந்தால், கமாவில் பைட் பைட்டாக வெட்டினாலும் எழுத்து உடையாது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், அந்த மூன்றுமே 127-க்கு மேல். கமாவோ 44. இரண்டும் மோதிக்கொள்ள வழியே இல்லை. ஆனால் எக்ஸலில் தமிழை டைப் பண்ணிவிட்டுச் சாதாரண சிஎஸ்வி என்று சேவ் பண்ணினால் கபிலர் கேள்விக்குறிகளாகத் திரும்பி வருவார். பட்டியலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை எக்ஸல் சேர்த்து வைக்கும். அது முதல் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, "ரோல் நம்பர் என்று தலைப்பே இல்லையே" என்று உங்கள் புரோகிராமைப் புலம்ப வைக்கும்.

எக்ஸல் என்றதும் அதன் அதிகப்பிரசங்கித்தனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக வெட்டிக் கொடுத்த பிறகும், ஒவ்வொரு துண்டும் எண்ணா தேதியா என்று அதுவே யூகம் பண்ணும். 12 இலக்கப் பதிவு எண்ணைச் சுருக்கி, பத்தின் அடுக்காகக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேவ் பண்ணினால் பின்பாதி இலக்கங்கள் அம்பேல். மனித ஜீன்களில் ஒன்றுக்கு மார்ச்1 என்று பெயர் இருந்தது. எக்ஸல் அதை மார்ச் முதல் தேதி ஆக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே தோற்றுப்போய், ஜீனின் பெயரை மாற்றிவிட்டது! எக்ஸலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023-இல்தான் வந்தது.

"இவ்வளவும் நானே எழுதணுமா?" வேண்டாம். பைத்தானில் 2003-லிருந்து சிஎஸ்வி மாட்யூல் கூடவே வருகிறது. ஜாவாவின் சொந்தப் பெட்டியில் இல்லை என்றாலும் அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி இலவசமாகக் கிடைக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒரு தடவையாவது அந்த முப்பது வரியைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். நூலகம் தப்பாக வெட்டும்போது எங்கே தப்பு என்று அப்போதுதான் தெரியும். எந்த வழியில் வெட்டினாலும் வெட்டியவுடன் துண்டுகளை எண்ணுங்கள். ஐந்து வர வேண்டிய இடத்தில் மூன்றோ ஏழோ வந்தால் அந்த வரியைத் தூக்கி எறியாதீர்கள். வரி எண்ணோடு ஒரு தனி ஃபைலில் எழுதி, ஒரு மனிதரிடம் கொடுங்கள்.

வீக் எண்ட் வேலை ஒன்று தரட்டுமா? ஜியோநேம்ஸ் என்ற தளத்தில் உலக ஊர்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவுக்குத் தனி ஃபைல் உண்டு. ஒரு இடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 19 கட்டம், நடுவில் டேப். நான்காவது கட்டத்துக்குள் அந்த ஊரின் மற்ற பெயர்கள் கமாவோடு இருக்கும், அதாவது வெட்டுக்குள் ஒரு வெட்டு. மக்கள்தொகை 15-ஆவது கட்டம். நிறைய வரிகளில் பல கட்டங்கள் காலி. ஸ்டிர்டோக்கால் ஒரு தடவை, காலியை மதிக்கிற ஸ்ப்ளிட்டால் ஒரு தடவை வெட்டி, உங்கள் ஊரின் மக்கள்தொகையை எடுத்துப் பாருங்கள். அந்த வரியில் நான்கு கட்டம் காலி என்றால், ஸ்டிர்டோக் 15-ஆவதாகத் தருவது கடைசிக் கட்டத்தில் இருக்கும் தேதியை!

ஜாக்கிரதை. மேலே சொன்ன கோட் ஸ்விட்சை இந்த ஃபைலில் ஆன் பண்ணிவிடாதீர்கள். இங்கே கோட்டுக்கு எந்த விசேஷமும் இல்லை, அது வெறும் எழுத்து. ஒரு கட்டம் தனிக் கோட்டில் தொடங்கினால் உங்கள் மெஷின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், மூடுகிற கோட் கிடைக்கும் வரை வரி வரியாக ஊர்களை விழுங்கிக்கொண்டே போகும். எத்தனை ஊர் காணாமல் போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.